சந்திர கிரகணம்: ஐந்து நேரங்களையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்கட்கு,

வணக்கம். சந்திர கிரகணம் வரும்போதெல்லாம் தமிழ்ப் பத்திரிகைகளில் வரும் செய்தி பெரும்பாலும் ஒரே அச்சில்தான் இருக்கிறது. தொடங்கும் நேரம், முடியும் நேரம், கோயில் நடை சாத்தும் நேரம், அதற்குக் கீழே 'வெறுங்கண்ணால் பார்க்க வேண்டாம்' என்று ஓர் எச்சரிக்கை. இந்த நான்கில் கடைசி பிழை. முதலாவதும் பல தடவை பிழையாகவே வருகிறது. வீட்டு முற்றத்தில் நின்று கிரகணத்தைப் பார்க்க ஆசைப்படும் ஒரு குடும்பத்துக்கு அந்தச் செய்தியால் பயன் எதுவும் இல்லை. தெருவிளக்கு குறைந்த, வானம் அகலத் திறந்து கிடக்கும் வன்னியில் இருந்துகொண்டு இதைத் தவறவிடுவது எங்களுக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. ஆகவே இந்தக் கடிதம் கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கண்ணைப் பற்றிய பயம். சந்திர கிரகணத்தில் நாம் பார்ப்பது பூரணை நிலவைத்தான், அதுவும் நிழலுக்குள் இறங்கி மங்கிக்கொண்டிருக்கும் நிலவை. மாதாமாதம் பார்க்கும் பூரணை கண்ணைக் கெடுக்காதபோது அதிலும் மங்கலான நிலவு கெடுக்காது. எச்சரிக்கை சூரிய கிரகணத்துக்கு உரியது. 2019 டிசெம்பர் 26 அன்று இலங்கையின் வடபகுதியில் கங்கண சூரிய கிரகணம் தெரிந்தபோது வாங்கிய கறுப்புக் கண்ணாடிகள் இன்னும் சில வீட்டு அலுமாரிகளில் கிடக்கும். அவை ஒளியில் இலட்சத்தில் ஒரு பங்கைக்கூட உள்ளே விடாதவை. அவற்றைப் போட்டுக்கொண்டு நிலவைத் தேடினால் இருட்டுத்தான் தெரியும். எக்ஸ்ரே படம், புகை பிடித்த கண்ணாடி, மஞ்சள் கரைத்த தண்ணீர் எதுவும் வேண்டாம். தூரப் பார்வைக்குக் கண்ணாடி போடுகிறவர்கள் அதை மறக்காமல் போட்டுக்கொண்டால் போதும். பைனோகுலராலும் தொலைநோக்கியாலும் தாராளமாகப் பார்க்கலாம்.

இனி நேரம். இதற்கு நம்முடைய பஞ்சாங்கத்திலேயே துல்லியமான ஐந்து சொற்கள் இருக்கின்றன: ஸ்பரிசம், நிமீலனம், மத்தியம், உன்மீலனம், மோட்சம். ஸ்பரிசம் என்றால் தொடுகை. பூமியின் கருநிழல் நிலவின் விளிம்பைத் தொடும் கணம் அது. நிமீலனம் கண் மூடுவது, நிலவு முழுவதும் நிழலுக்குள் போய்விடும் கணம். மத்தியம் நடு. உன்மீலனம் கண் திறப்பது, வெளிச்சத்தின் முதல் கீற்று வரும் கணம். மோட்சம் விடுபடுவது. உலகெங்கும் வானியலாளர்கள் போடும் அட்டவணைகளிலும் இதே ஐந்து கணங்கள் இருக்கும். பகுதிக் கிரகணம் என்றால் நிமீலனமும் உன்மீலனமும் இராது, மூன்று நேரம்தான். பத்திரிகைகளோ முதலையும் கடைசியையும் எடுத்துக்கொண்டு நடுவில் உள்ள மூன்றையும் கைவிட்டுவிடுகின்றன. நித்திரை முழித்துப் பிள்ளைகளை எழுப்பி வெளியே கூட்டி வருகிறவருக்கு முக்கியமாக வேண்டியவை அந்த மூன்றும்தான்.

முதல் நேரம் பிழைத்துப் போவது வேறொரு வழியில். பூமிக்கு இரண்டு நிழல் உண்டு. சூரியன் முழுதாக மறைபடும் கருநிழல் உள்ளே. சூரியனில் ஒரு பகுதி மட்டும் மறைபடும் புறநிழல் அதைச் சுற்றி. இணையத்தில் கிடைக்கும் அட்டவணைகளின் முதல் வரி புறநிழலில் நிலவு நுழையும் நேரம். அதை அப்படியே 'கிரகணம் ஆரம்பம்' என்று போட்டுவிடுகிறார்கள். 2025 செப்டெம்பர் 7 இரவுக் கிரகணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். புறநிழல் இரவு 8.58க்குத் தொடங்கியது, ஸ்பரிசம் 9.57க்கு. நிமீலனம் 11.01, உன்மீலனம் 12.22, மோட்சம் அதிகாலை 1.26. ஒன்பது மணிக்கு வெளியே வந்தவர் அரை மணி நேரத்துக்கு மேல் வழமையான பூரணையைத்தான் பார்த்திருப்பார். 'ஒன்றும் இல்லை' என்று படுக்கப் போயிருந்தால் அவர்மேல் குற்றம் இல்லை. புறநிழல் கண்ணுக்குப் பிடிபடுவது ஸ்பரிசத்துக்கு இருபது நிமிடம் முன்புதான். கரிக் கையால் தடவியதுபோல ஒரு விளிம்பு மட்டும் அழுக்காகத் தெரியும்.

ஒரே கிரகணத்துக்கு இரண்டு அட்டவணைகள் ஒரு நிமிடம் வித்தியாசப்பட்டால் குழம்ப வேண்டாம். பூமியின் காற்று மண்டலமும் நிழலைச் சற்றுப் பெரிதாக்குகிறது, ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு பங்கு. இந்த இரண்டு பங்கை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகக் கணக்கில் சேர்ப்பதால் அந்த வித்தியாசம் வருகிறது. நிழலின் விளிம்பும் கத்தியால் வெட்டியதுபோல் இராது, மங்கலாகத்தான் இருக்கும். ஆகவே நிமிடத்துக்கு மேல் துல்லியம் தேவையில்லை.

சூரிய கிரகணம் ஊருக்கு ஊர் நேரம் மாறும். சந்திர கிரகணம் அப்படி அல்ல. நிழல் விழுவது நிலவின்மேல், ஆகவே நிலவு தெரியும் இடமெல்லாம் அதே கணம். மன்னாருக்கும் முல்லைத்தீவுக்கும் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் ஒரே மணிக்கூட்டு நேரம். இந்தியாவும் நாமும் ஒரே நியம நேரத்தில் இருப்பதால் சென்னைப் பஞ்சாங்க நேரமும் நமக்குச் சரி. பிழை வருவது மேலைநாட்டு அட்டவணையைத் திகதி மாற்றாமல் எடுக்கும்போது. கிறீன்விச் நேரத்தோடு ஐந்தரை மணித்தியாலம் கூட்டினால் பல தடவை அடுத்த நாள் ஆகிவிடும். 2029ஆம் ஆண்டு முழுக் கிரகணம் ஒன்று வெளிநாட்டுப் பட்டியல்களில் டிசெம்பர் 20 என்று இருக்கும். நமக்கு அதன் மத்தியம் 21ஆம் திகதி அதிகாலை 4.12க்கு.

அதற்கு முன்னர் வருபவற்றைச் சொல்லிவிடுகிறோம். 2026 மார்ச் 3 மாலை இங்கே நிலவு உதிக்கும்போதே கிரகணம் கடைசிக் கட்டத்தில் இருந்தது, 6.47க்கு மோட்சம். 2027இல் வருபவை எல்லாம் புறநிழல் கிரகணங்கள். பெப்ரவரி 21 அதிகாலை 4.43ஐ ஒட்டி நிலவின் ஒரு பக்கம் இலேசாக மங்குவதைக் கூர்ந்து பார்க்கிறவர் கண்டுபிடிக்கலாம். யூலை 18 இரவுக்குரியது புறநிழலின் ஓரத்தை உரசிச் செல்வது மட்டும். கண்ணுக்கோ கமராவுக்கோ எதுவும் தெரியப் போவதில்லை. அதைத் தயவுசெய்து தலைப்புச் செய்தியாக்க வேண்டாம். ஒரு தடவை ஏமாந்த பிள்ளை அடுத்த உண்மையான கிரகணத்துக்கு எழும்பாது. நம்முடைய பஞ்சாங்கங்களும் புறநிழலைக் கிரகணமாகக் கணக்கெடுப்பதில்லை. அது நல்ல வழக்கம்.

2028 யூலை 6, வியாழன் இரவு, பகுதிக் கிரகணம். ஸ்பரிசம் 10.39, மத்தியம் 11.50, மோட்சம் நள்ளிரவு தாண்டி 1.00 மணி. நிலவின் விட்டத்தில் நூற்றுக்கு 39 பங்கு மறையும். நிலவு தெற்கே, அடிவானத்துக்கும் உச்சிக்கும் நடுவே சற்று மேலாக நிற்கும். மேற்பக்கம் கடிபட்டதுபோல இருக்கும். சிவப்பு நிறத்தை இதில் எதிர்பார்க்க வேண்டாம். மிச்சமுள்ள வெளிச்சப் பகுதி கண்ணைக் கூசச் செய்வதால் மறைந்த பகுதி வெறும் கறுப்பாகவே தெரியும். கச்சான் காற்று வீசும் காலம் என்பதால் வானம் திறந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. புழுதிதான் தொல்லை.

நாங்கள் முக்கியமாக எழுத வந்தது 2028 டிசெம்பர் 31 இரவைப் பற்றி. ஞாயிற்றுக்கிழமை, மார்கழிப் பூரணை, திருவாதிரையை ஒட்டி வரும் நாள், ஆண்டின் கடைசி இரவு. முழுச் சந்திர கிரகணம். ஸ்பரிசம் இரவு 8.37, நிமீலனம் 9.46, மத்தியம் 10.22, உன்மீலனம் 10.58, மோட்சம் நள்ளிரவு 12.06. படுக்கைக்குப் போகும் நேரத்துக்குள் முழு மறைப்பும் முடிந்துவிடுகிறது. எட்டு வயதுப் பிள்ளையும் எண்பது வயதுப் பெரியவரும் ஒன்றாக இருந்து பார்க்கக்கூடிய கிரகணங்கள் அடிக்கடி வருவதில்லை. புதுவருட நள்ளிரவுத் திருப்பலிக்குப் போகிறவர்கள் உன்மீலனத்தைக் கண்டுவிட்டே புறப்படலாம். வழி நெடுக நிலவு வளர்ந்துகொண்டு வரும்.

இடம் தேடிக் குளக்கட்டுக்குப் போக வேண்டாம். இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், கட்டுக்கரை எல்லாம் பகலில் அழகான இடங்கள். இரவில் யானையும் முதலையும் உள்ள இடங்கள். சந்திர கிரகணத்துக்கு உயரமோ அடிவானமோ தேவையில்லை, வீட்டு முற்றமே போதும். நிலவு எங்கே நிற்கும் என்பதை ஆறு மாதம் முன்பே அறிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. மார்கழிப் பூரணை போகும் பாதை ஆனி மாதச் சூரியன் போகும் பாதை. ஜூன் 21ஐ ஒட்டிய நாட்களில் காலை 9.46க்கு முற்றத்தில் எங்கே வெயில் விழுகிறதோ, டிசெம்பர் 31 இரவு 9.46க்கு அங்கே நின்றால் நிலவு தெரியும். 10.58க்கும் அப்படியே. அந்த இடத்தில் ஒரு கல்லைப் புதைத்து வையுங்கள். ஜூனைத் தவறவிட்டால் டிசெம்பர் 29, 30 இரவுகளில் பார்க்கலாம். நிலவு நாளுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் பிந்துவதால் 30ஆம் திகதி 9 மணிக்குச் சற்று முன்பு நிற்கும் இடத்தில்தான் 31ஆம் திகதி 9.46க்கு நிற்கும். மறைப்பு தொடங்கும்போது கிழக்கு வடகிழக்கில், அடிவானத்திலிருந்து உச்சிக்கு உள்ள தூரத்தில் பாதிக்குச் சற்றுக் கீழே. முழு மறைப்பின்போது பாதியைத் தாண்டி உச்சியை நோக்கி ஏறும். முற்றத்துக் கிழக்கே மாமரமோ தென்னையோ நின்றால் நாலடி பின்னுக்கு வந்தால் போதும்.

இவ்வளவு உயரத்தில் நிற்கும் நிலவை நின்றபடி அண்ணாந்து பார்த்தால் கால் மணித்தியாலத்தில் கழுத்து பிடித்துவிடும். சாய்மனைக் கதிரைதான் இதற்கு மிகச் சிறந்த கருவி என்பது எங்கள் எண்ணம். கைப்பிடியில் முழங்கை ஊன்றிக்கொண்டால் பைனோகுலரும் ஆடாது. பைனோகுலர் இருந்தால் 7×50 அல்லது 10×50 நல்லது. இருபது மடங்கு, முப்பது மடங்கு என்று விற்பவை கையில் நில்லாமல் நடுங்கும். கதிரை இல்லாதவர்கள் கட்டிலை வெளியே போடுங்கள். வெறுந்தரையில் பாய் விரிப்பது வேண்டாம், இரவில் புடையன் நடமாடும் மண் இது. நுளம்புக்கு வேப்பிலைப் புகை போடுவதானால் காற்று போகும் திசையில், ஆட்களுக்கும் நிலவுக்கும் குறுக்கே வராதபடி போடுங்கள். மார்கழிப் பனியில் பைனோகுலர் வில்லையில் ஈரம் படியும். சாரத் தலைப்பால் துடைத்தால் கீறல் விழும். வாயால் ஊதினால் இன்னும் படியும். வில்லையைச் சுற்றிக் கடதாசியை ஒரு சாண் நீளக் குழாயாகச் சுருட்டி ஒட்டிவிட்டால் பனி படிவது மிகவும் குறையும்.

வெளிநாட்டுப் படங்களில் நிழல் இடப்பக்கமிருந்து வருவதைப் பார்த்துவிட்டு அப்படியே எதிர்பார்க்க வேண்டாம். நிலவு கிழக்கு நோக்கி நகர்ந்து நிழலுக்குள் போகிறது, ஆகவே அதன் கிழக்கு விளிம்புதான் முதலில் மறையும். நம் ஊரில் கிழக்கு வானில் நிற்கும் நிலவுக்குக் கிழக்கு விளிம்பு கீழே இருக்கும். 8.37க்குக் கீழ்ப்பக்கம், சற்று வலது கையாக, முதற் கறுப்பு தெரியும். 10.58க்கு வெளிச்சம் திரும்புவதும் கீழ்ப்பக்கத்தில்தான். முதலில் மறைந்த பக்கமே முதலில் வெளியே வருகிறது. பலர் மேலே பார்த்துக்கொண்டிருந்து அந்த முதற் கீற்றைத் தவறவிடுவார்கள்.

ஒன்பது மணியளவில் நிழலின் ஓரத்தைப் பாருங்கள். அது நேர்கோடு அல்ல, வளைவு. எந்தக் கிரகணத்திலும், நிலவு எந்த உயரத்தில் நின்றாலும், அந்த ஓரம் வட்டத்தின் துண்டாகவே இருக்கிறது. எந்தப் பக்கமிருந்து ஒளி பட்டாலும் வட்ட நிழலே விழுத்தும் வடிவம் உருண்டை ஒன்றுதான். அரிஸ்டோட்டில் இதைக் காட்டித்தான் பூமி உருண்டை என்று வாதிட்டார். தரம் எட்டு, ஒன்பது பிள்ளைகள் இதற்கு மேலும் ஒரு படி போகலாம். கொப்பியில் 5 சென்ரிமீற்றர் விட்டத்தில் எட்டு வட்டங்களை முன்கூட்டியே கீறி வையுங்கள். ஸ்பரிசத்திலிருந்து ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் நிழலின் ஓரத்தைப் பென்சிலால் வரைந்து பக்கத்தில் நேரத்தை எழுதுங்கள். அடுத்த நாள் காலை கடதாசி மட்டையில் 10, 13.5, 20 சென்ரிமீற்றர் விட்டமுள்ள மூன்று வட்டங்களை வெட்டி வரைந்த ஓரத்தோடு பொருத்திப் பாருங்கள். 13.5தான் பொருந்த வேண்டும். அதாவது நிலவு இருக்கும் தூரத்தில் பூமியின் நிழல் நிலவைப்போல் 2.7 மடங்கு அகலம். நிழல் பூமியிலிருந்து நிலவு வரை போவதற்குள் ஏறத்தாழ ஒரு நிலவின் அகலம் ஒடுங்கிவிடுகிறது. வானத்தில் சூரியனும் நிலவும் ஒரே பருமனாகத் தெரிவதால் வரும் கணக்கு இது. அந்த ஒன்றைத் திரும்பக் கூட்டினால் பூமி நிலவைப்போல் 3.7 மடங்கு. உண்மையான விட்டங்கள் 12,742 கிலோமீற்றரும் 3,474 கிலோமீற்றரும், வகுத்தால் 3.67 வரும். ஒரு பென்சிலும் மட்டைத் துண்டும் கொண்டு முற்றத்திலிருந்தே பூமியை நிலவால் அளந்துவிடலாம். விடை மிகவும் தள்ளிப் போனால், நிழல் மிகக் கொஞ்சமாக இருந்தபோது வரைந்த படத்தைப் பயன்படுத்தியிருப்பீர்கள். நிலவில் கால் பங்கிலிருந்து அரைப் பங்கு வரை மறைந்தபோது வரைந்தவையே நம்பத்தக்கவை.

முக்கால் பங்கு மறைந்த பிறகு கறுப்பாக இருந்த பகுதிக்குள் இருந்து சிவப்பு கசியத் தொடங்கும். பூமியின் விளிம்பைச் சுற்றியுள்ள காற்றில் வளைந்து வரும் சூரிய ஒளிதான் அது. அந்த நேரத்தில் உலகெங்கும் நடக்கும் சூரியோதயம், அஸ்தமனம் எல்லாவற்றினதும் சிவப்பு ஒன்றாகச் சேர்ந்து நிலவில் விழுகிறது. நிறம் ஒவ்வொரு முறையும் மாறும். பிரான்சிய வானியலாளர் டான்ஜோன் இதற்கு 0 முதல் 4 வரை படி வகுத்தார். 0 என்றால் நிலவு இருக்கும் இடமே தெரியாது. 1 சாம்பல் கலந்த மண்ணிறம். 2 துருப்பிடித்த இரும்பு, நடு மிகவும் இருண்டது. 3 செங்கல், ஓரம் மஞ்சள். 4 துலக்கிய செம்பு, ஓரத்தில் நீலச் சாயல். பினாட்டுபோ எரிமலை 1991இல் வெடித்துத் தூசியை மேல் வளிமண்டலத்துக்கு ஏற்றிய பிறகு 1992 டிசெம்பர் கிரகணம் மிக இருண்டு போனது. கிராமத்துக் கிரவல் வீதியின் நிறமா, செம்புக் குடத்தின் நிறமா என்று வீட்டில் ஒவ்வொருவரும் தனித்தனியாக எழுதி வைத்துவிட்டுப் பிறகு ஒப்பிடுங்கள். நீலச் சாயல் நிமீலனத்துக்குச் சற்று முன்பும் உன்மீலனத்தை ஒட்டியும் சில நிமிடங்களே இருக்கும். அதைப் பார்க்கப் பைனோகுலர் வேண்டும். டிசெம்பர் 31 கிரகணத்தில் நிலவு நிழலின் நடுவுக்கு வடக்கே போவதால் இடப்பக்கம் வெளிறியும் வலப்பக்கம் இருண்டும் தெரியும்.

முழு மறைப்பின்போது நிலவொளி பத்தாயிரம் மடங்குக்கு மேல் குறைந்துவிடும். வன்னிக்குக் கிடைத்த பெரிய கொடை இங்கேதான். நகரத்தில் நிலவு மங்கினாலும் வானம் வெளிச்சமாகவே இருக்கும்; இங்கே நட்சத்திரங்கள் கொட்டிக் கிடக்கும். ஸ்பரிசத்துக்கு முன்பு கார்த்திகைக் கூட்டத்தில் எத்தனை நட்சத்திரம் எண்ண முடிகிறது என்று பாருங்கள். பத்து மணிக்குத் திரும்ப எண்ணுங்கள். நிலவுக்கு மேலே வலது கைப்பக்கம் திருவாதிரை நட்சத்திரம் நிற்கும், அதுவும் செம்மை நிறமுடையது. இரண்டு சிவப்பையும் ஒப்பிட்டுப் பார்க்கக் கிடைப்பது அருமை. கீழே இடப்பக்கம் புனர்பூசத்து இரட்டை. இவையெல்லாம் தெரிய வேண்டுமானால் வெளி விளக்கை அணைத்து இருபது நிமிடம் இருட்டில் இருக்க வேண்டும். ஒருவர் கைத்தொலைபேசித் திரையைத் திறந்தால் பக்கத்தில் இருக்கும் எல்லோருக்கும் அந்த இருபது நிமிடமும் வீண். டோர்ச் தேவை என்றால் கண்ணாடியில் சிவப்புச் செலோபேன் தாள் இரண்டு மடிப்பு கட்டுங்கள்.

இன்னொன்று வானத்தைப் பார்க்காமலே செய்யலாம். முற்றத்தில் ஒரு வெள்ளை வேட்டியை விரித்து அதன் ஓரத்தில் ஒரு முழத் தடியை நட்டு வையுங்கள். எட்டரை மணிக்கு வேட்டியில் தடியின் நிழல் மை கொண்டு கீறியதுபோல் விழும். ஒன்பதே கால், ஒன்பதரை என்று போகப் போக அது வெளிறும். எந்த நிமிடத்தில் நிழல் இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாமல் போகிறதோ அதைக் குறியுங்கள். பிள்ளையும் அப்பம்மாவும் வேறு வேறு நிமிடம் சொல்வார்கள். இருவர் சொல்வதும் சரி, இருட்டுக்குப் பழகும் வேகம் வயதோடு மாறுவதால்.

படம் எடுப்பதைப் பற்றிச் சுருக்கமாக. கைத்தொலைபேசியில் நிலவு ஒரு பொட்டாகத்தான் விழும். பெரிதாக்க முயலாமல் பனைமரத்தோடோ வீட்டுக் கூரையோடோ சேர்த்து எடுங்கள். தொலைபேசியைக் கையில் பிடிக்காமல் செங்கல்லில் சாய்த்து வைத்து மூன்று செக்கன் தாமத நேரம் போடுங்கள். பகுதி மறைப்பில் நிலவைத் தொட்டு வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும், முழு மறைப்பில் கூட்ட வேண்டும். தனிக் கமராவில் 300 மில்லிமீற்றர் வில்லை இருந்தால் பூரணைக்கு ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 8, செக்கனில் 250இல் ஒரு பங்கு. முழு மறைப்புக்கு ஐ.எஸ்.ஓ. 1600, எஃப் 5.6, ஒரு செக்கன். ஒன்றரை செக்கனைத் தாண்டினால் பூமி சுழல்வதால் நிலவு இழுபட்டுப் போகும். பிளாஷ் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். இருட்டில் அது உதவாது, கூட இருப்பவர்களின் கண்ணைத்தான் கெடுக்கும்.

விரதம், நீராடல், தர்ப்பணம் செய்கிறவர்கள் செய்யட்டும். அதற்கும் முற்றத்தில் நின்று பார்ப்பதற்கும் பகை இல்லை. பூமியின் நிழலே நிலவை மறைக்கிறது என்று ஆரியபட்டர் 5ஆம் நூற்றாண்டின் முடிவிலேயே எழுதிவிட்டார். ராகு, கேது என்று பஞ்சாங்கம் கணிக்கும் புள்ளிகள் நிலவின் பாதையும் சூரியனின் பாதையும் வெட்டிக்கொள்ளும் இரண்டு இடங்கள். நிலவின் பாதை சூரியனின் பாதைக்கு ஐந்து பாகை சாய்ந்திருப்பதால்தான் எல்லாப் பூரணையிலும் கிரகணம் வருவதில்லை. ஆனால் ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். கர்ப்பிணிகளை மூடிய அறைக்குள் மணிக்கணக்காகத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் இருத்தி வைப்பதும், நீரிழிவு உள்ளவர்களின் இரவுச் சாப்பாட்டைத் தள்ளிப் போடுவதும் தீங்கு. கிரகண நிலவின் ஒளி கருவுக்கு எதுவும் செய்யாது. தாகமும் பசியும் செய்யும். இதைக் கிரகணச் செய்தியோடு இரண்டு வரியில் சேர்த்துப் போட்டால் உங்கள் பத்திரிகைக்குப் பல வீடுகள் நன்றி சொல்லும்.

எங்கள் வேண்டுகோள் சிறியது. கிரகணத்துக்கு முதல் நாள் முன்பக்கத்தில் ஒரு சிறு பெட்டி: ஐந்து நேரங்கள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நிலவு நிற்கும் திசை, எந்தப் பக்கம் முதலில் மறையும் என்பது, 'வெறுங்கண்ணால் பார்க்கலாம்' என்ற ஒரு வரி. புறநிழல் நேரம் வேண்டாம். லண்டனில் உள்ள உறவுகளுக்காக இன்னொரு வரி சேர்க்கலாம். டிசெம்பர் 31 அங்கே நிலவு உதிக்கும்போதே கிரகணம் நடந்துகொண்டிருக்கும். மத்தியம் மாலை 4.52க்கு, அடிவானத்துக்குச் சற்று மேலே. ரொறன்ரோவில் அப்போது முற்பகல், அவர்களுக்குத் தெரியாது.

மார்கழியில் வாடை மழை இருக்கும், முகில் மூடிவிடுமே என்று பலர் சொல்லக்கூடும். மூடலாம். ஆனால் முழு மறைப்பு ஏறத்தாழ 71 நிமிடம். மழை முகில் இடைவெளி விட்டு விட்டுத்தான் ஓடும். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு உள்ளே போகாமல் விறாந்தையில் இருந்தால் இரண்டு மூன்று தடவையாவது நிலவு எட்டிப் பார்க்க இடமுண்டு. முழுவதும் மூடிய வானத்திலும் பூரணை இரவு கண் தெரியும் அளவுக்கு வெளிச்சமாக இருக்கும். அந்த வெளிச்சம் ஒன்பது மணி தொடக்கம் குறைந்து, 9.46க்கு முற்றத்து வேலி தெரியாமல் போய், 11 மணிக்குப் பிறகு மெல்லத் திரும்பி வரும். விறாந்தைத் திண்ணையில் இருந்தபடியே அதைக் காணலாம்.

இங்ஙனம்,
வானியல் ஆர்வலர்கள் சிலர்,
வன்னி.